ஜோலார்பேட்டையில் இரவல் பால்

ஊரெல்லாம் காய்ச்சல். இருமல் சத்தம் கேட்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் எந்த ஷாப்பிலும் பாதி ஆள் வேலைக்கு வரவில்லை, ஊறப்போட்ட தோல் குழியிலேயே கிடக்கிறது என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். இந்த நேரத்தில் ரயிலேற வேண்டியவர்கள் ஆள் மாற்றி ஆளாக வந்து என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நான் டாக்டரும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. பிளேக் காலத்தில் ஜோலார்பேட்டைக் கொட்டகைக்குள் போய் உயிரோடு திரும்பியவள், அவ்வளவுதான் என் தகுதி.

பக்கத்து வீட்டு மரியா நேற்று வந்தாள். "அக்கா, சேலத்துக்குக் கல்யாணத்துக்குப் போவணும். இன்னா ஜாக்கிரதையா இருக்கணும்?"

"போவாம இருக்கிறதுதான் ஜாக்கிரதை."

"அது எனக்கும் தெரியும். போய்த்தான் ஆவணும்னா?"

காய்ச்சிய தண்ணீரைக் கூஜாவில் எடுத்துக்கொள், வாயையும் மூக்கையும் முந்தானையால் மூடிக்கொள், கூட்டம் ஜாஸ்தியாக இருந்தால் அடுத்த வண்டிக்குக் காத்திரு, உடம்பு சுட்டால் மறைக்காதே என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. ஏதாவது ஒரு தழையின் பெயரைச் சொல்லுவேன், மடியில் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று வந்திருக்கிறாள். தழையும் பட்டையும் எனக்கு என்ன செய்தன என்பதை முழுக்கச் சொன்னால்தான் புரியும். வாயால் சொன்னால் நடுவில் யாராவது இருமுகிறார்கள், ஆகவே எழுதி வைக்கிறேன்.

என் மகன் தாசு அப்போது தவழ ஆரம்பிக்காத கைக்குழந்தை. பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று மூவரும் போயிருந்தோம். போன இடத்தில் எலி செத்து விழ ஆரம்பித்தது. எலி விழுந்தால் பின்னாலேயே பிளேக் வரும் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணன் தெருவில் பூட்டிய வீடுகள் பெருகின. நாங்களும் மூட்டை கட்டினோம்.

பிரயாணத்தில் நோய் ஒட்டாமலிருக்க அன்றைக்கு ஆளுக்கு ஒரு வைத்தியம். அண்ணி கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டினாள். அண்ணன் நீலகிரித் தைலத்தைக் கைக்குட்டையில் நனைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவருடைய நம்பிக்கை ஆவாரம்பட்டை. தோலைப் பதப்படுத்துவதற்கு அந்தப் பட்டையைத்தான் இடித்துக் குழியில் போடுவார்கள். குழியில் இறங்குகிறவனுக்குக் கொள்ளை நோய் வராது என்பது எங்கள் பக்கத்தில் பைபிள் வசனத்துக்கு அடுத்தபடி. ஒரு பை பட்டைத் தூளைப் பெங்களூருக்கே கொண்டுவந்திருந்தார். குளிக்கிற தண்ணீரில் கலந்தார், கை கழுவுகிற தண்ணீரில் கலந்தார். என் கையும் காலும் மஞ்சளும் பழுப்புமாகிவிட்டன.

"என்னையும் பதம் போட்டு மெட்ராசுக்கு அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"மெட்ராசுல உன்னை எடுக்க மாட்டான். ரொம்ப முரட்டுத் தோலு," என்றார்.

புறப்படுவதற்கு முன் தாசுவுக்கு மூக்கடைப்பு. மூச்சு விட முடியாமல் பால் குடிக்க மறுத்தான். எனக்கு வலது பக்கம் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. காய்ச்சல் அடித்தது. அக்குளில் எலுமிச்சம்பழ அளவுக்கு நெறி கட்டியது. பெற்று வளர்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, பால் கட்டினால் நெறி கட்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் போயிருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? பட்டைத் தூளைக் குழைத்து, அண்ணி சமையலறையில் இருந்த இரும்புக் கரண்டியில் போட்டு, அடுப்பில் சுட வைத்து, நெறியின் மேல் கனமாகப் பற்றுப் போட்டார்.

ஒரு பெண்சாதிக்கு இவ்வளவு அக்கறையாகப் பற்றுப் போடுகிற புருஷன் அந்தக் காலத்தில் கிடைப்பது அரிது. அதனால் இன்றுவரை அதிகம் திட்டுவதில்லை.

ஜோலார்பேட்டையில் சோதனை உண்டு என்று அண்ணன் எச்சரித்தார். மைசூர்ச் சீமையிலிருந்து வருகிற வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கி வரிசையில் நிற்க வைப்பார்கள். கண்ணைப் பார்ப்பார்கள், நாக்கைப் பார்ப்பார்கள், அக்குளிலும் தொடை இடுக்கிலும் தொட்டுப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் கொட்டகை. "முன்னாடி குப்பம் ஸ்டேஷன்லேயே எறங்கிக் காட்டு வழியா ஆம்பூர் போய்டுங்க, நிறைய பேர் அப்படித்தான் போறாங்க," என்றார் அண்ணன். நடக்கிற நிலையில் நான் இல்லை. எங்கள் வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை. "பால் கட்டுக்கு எதுக்குப் பயப்படணும்? சொன்னா புரிஞ்சுக்குவாங்க," என்றார்.

ஜோலார்பேட்டையில் பெண்களுக்குத் தனியாகத் தட்டி மறைப்பு வைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு நர்ஸம்மா. அவர் என் நெற்றியில் கை வைத்தார், முகம் மாறியது. ரவிக்கையை விலக்கச் சொன்னார். அக்குளைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காய்ந்த பற்று உதிர்ந்து போயிருந்தது. அதன் அடியில் என் தோல் மை பூசியது போல் கறுத்திருந்தது. நானே அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"இது பால் கட்டுங்கம்மா," என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. குழந்தையை என் மடியிலிருந்து எடுத்து எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். என்னை நோயாளிக் கொட்டகைக்கும், அவர்கள் இருவரையும் நோயாளியோடு வந்தவர்களை வைக்கிற கொட்டகைக்கும் அனுப்பினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு முள்வேலியும் கொஞ்சம் வெறும் நிலமும்தான். எங்கள் துணிமணி முழுவதையும் நீராவிப் பெட்டியில் போட்டார்கள். தெரியாமல் அதோடு அவருடைய புதுச் செருப்பும் போய், சுட்ட அப்பளம் போலச் சுருண்டு வந்தது. தோல் ஷாப்பு ஆள் வெறுங்காலோடு நின்றார்.

கொட்டகை என்றால் மூங்கிலும் ஓலையும். தரையில் சுண்ணாம்பு தூவியிருந்தது. கார்பாலிக் மருந்து வாசனை சோற்றில்கூட இருந்தது. பெண்கள் பக்கத்தில் எனக்கு அடுத்த கட்டிலில் குப்பம்மா என்று ஒரு திருப்பத்தூர்க்காரி. அவளுக்கு வந்தது உண்மையான பிளேக். நினைவு தப்பி, வீட்டில் பூட்டாமல் வந்த கோழிக்கூண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் எட்டிக் கொடுக்கப் பயந்தேன். கன்னியம்மா என்ற வேலைக்கார அம்மாள்தான் கொடுத்தாள்.

டாக்டர் வயதானவர், சிடுசிடுப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஊசியால் என் நெறியிலிருந்து ஒரு துளி நீர் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, குழாய் வைத்த பெரிய பூதக்கண்ணாடியில் பார்த்தார். "கிருமி கண்ணுல படல. படலைங்கறதால இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா," என்றார். பிளேக் விஷம் உடம்பில் ஏறினாலும் இப்படித்தான் நெறி வீங்கும், பால் கட்டினாலும் இப்படித்தான் வீங்கும், தொட்டுப் பார்த்துப் பிரிக்க முடியாது, நாள் போனால்தான் தெரியும் என்று விளக்கினார். பிளேக் என்றால் சீக்கிரமே ஆளைச் சாய்த்துவிடும். சாயாவிட்டால் நல்லது. இப்படி ஒரு ஆறுதலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இரும்புடி," என்றார். "இரும்புக் கரண்டில காய்ச்சிட்டேன். பட்டைத் தண்ணில இரும்பு பட்டா கறுத்துப் போய்டும். குழிகிட்ட இரும்பு வாளி கொண்டாந்தா ஆளையே துரத்துவேன் நான். எனக்குத் தோணாமப் போச்சு."

தோலில் இரும்புக் கறை விழுந்தால் அந்தத் தோலைக் கழித்துப் போடுவார்கள். என்னையும் கழித்துப் போட்டுவிட்டார்கள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் மார்பு வலித்தது. அவர் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "கறுப்பைப் பாத்து நான் உள்ள வைக்கலப்பா. நெறியும் காய்ச்சலும் சேந்து இருக்கு. அதுக்குத்தான் வச்சிருக்கேன்," என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் பயம் என்னைப் பற்றியதாக இல்லை. தாசு அழுதுகொண்டிருந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் படுத்து, அவன் அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கக் கேட்க இடது பக்கம் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அங்கே பசும்பாலில் பார்லித் தண்ணீர் கலந்து பாலாடையால் வாயில் ஊற்றினார்கள், அவ்வளவையும் கக்கினான். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. "பிளேக் வராட்டியும் பசியே கொண்டு போய்டும் போலக்கீது," என்று கன்னியம்மா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

அவளே அன்று சாயங்காலம் முந்தானையில் மல்லிகைப்பூ கொண்டுவந்தாள். தலையில் வைக்க இல்லை. மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும். குழந்தை செத்த தாய்க்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். "கட்டிக்கம்மா. அந்தப் பக்கமும் கல்லாயிட்டா நீ தாங்க மாட்ட," என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நான் பூவைத் தொடவில்லை.

"என் புள்ள இன்னும் அழுவுறான், கேக்கலியா?" என்றேன்.

இடது பக்கப் பாலைக் கையாலேயே மண் சட்டியில் பீய்ச்சினேன். காய்ச்சல்காரியின் பால் என்று அதைக் குழந்தைக்குத் தர விடவில்லை, சுண்ணாம்புக் குழியில் கொட்டச் சொன்னார்கள். வேளைக்கு வேளை பீய்ச்சிக் கொட்டினேன். விட்டால் வற்றிவிடும், வற்றினால் அவன் திரும்பி வந்து எதைக் குடிப்பான்? கொட்டும்போதெல்லாம் அழுதேன். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

அடுத்த நாள் உச்சி வெயிலில் அவன் அழுகை நின்றது.

தூங்குகிறான் என்று நினைத்தேன். தூங்குவதற்கு முன்னால் அவன் சிணுங்குவான், அது இல்லை. பட்டென்று நின்றது. குப்பம்மா அன்று விடியற்காலையில் இறந்திருந்தாள், அவள் கட்டில் காலியாக இருந்தது. நான் எழுந்து வேலிக்கு ஓடினேன். கன்னியம்மா பின்னால் கத்தினாள். அந்தப் பக்கக் கொட்டகை வாசலில் எங்கள் வீட்டுக்காரர் வெறுங்கையோடு நின்றார். குழந்தை அவர் கையில் இல்லை. நான் முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கையை உயர்த்தி மூலையைக் காட்டினார். அங்கே சாக்குப் படுதா தொங்கியது. அதற்குள் பேரணாம்பட்டைச் சேர்ந்த, வெளியாருக்கு முகம் காட்டாத ஒரு கோஷாப் பெண் இருப்பது எனக்கு முன்பே தெரியும். அவள் புருஷன் காதர் சாயபு, தோல் வியாபாரி. அவர்களோடு வந்த ஒருவர் ரயிலிலேயே இறந்துபோனதால் அந்தக் குடும்பத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

படுதாவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தாசு அம்மா, பயப்படாதீங்க. குடிக்கிறான். ரொம்ப ஜோரா குடிக்கிறான்."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கர்த்தரே, நன்றி என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பொறாமையும் வந்தது. யாரோ முகம் தெரியாதவள் மார்பில் என் பிள்ளை ஜோராகக் குடிக்கிறான். இரண்டும் ஒன்றாகவே வந்தன, எதையும் மறைப்பதற்கில்லை.

அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது, ஹாஜிரா என்று பெண். டாக்டருக்கு விஷயம் தெரிந்து கொட்டகையே அதிரச் சத்தம் போட்டார். பிளேக் சந்தேகத்தில் இருக்கிறவளின் குழந்தைக்கு யாரைக் கேட்டுப் பால் கொடுத்தாய், நாளைக்கு உன் குழந்தைக்கு வந்தால் யார் பொறுப்பு என்றார். படுதாவுக்குள்ளிருந்து பதில் மெதுவாக வந்தது. "பசிக்குது சார் அவனுக்கு." டாக்டர் இரண்டு குழந்தைகளுக்கும் காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்கும்படி நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் இடத்தில் நான் இருந்தால் செய்திருப்பேனா? செய்திருக்க மாட்டேன். அதை யோசித்துப் பார்க்கத் தேவையே இல்லை.

இதற்கிடையில் என் வலது மார்பு பழுத்தது. டாக்டர் கீறி விட்டார். ஒரு கிண்ணம் சீழ் வந்தது, பாலும் ரத்தமும் கலந்து. "பால் கட்டுதான்," என்று முதல் தடவையாக அவர் வாயால் வந்தது. காய்ச்சல் இறங்கியது. ஆனால் நெறி கரையும்வரை விட முடியாது என்றார். வேலி ஓரம் மர நிழலில் உட்கார அனுமதி கிடைத்தது. அங்கே உட்கார்ந்தால் படுதா மூலை பேச்சுக்கு எட்டும்.

அவள் பெயர் ஜைனபு. முகம் பார்த்ததில்லை, குரல்தான். கனத்த குரல். நல்ல வாட்டசாட்டமான, நாற்பது வயது அம்மாள் என்று நானாக ஒரு உருவம் செய்து வைத்துக்கொண்டேன். உருதுவும் தமிழும் கலந்து பேசுவாள். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து தன்னை எலும்பாக்கிவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பாள்.

"உங்க புள்ள பெரிய பேஜார் அக்கா. ஹாஜிரா பங்கையும் சேத்துக் குடிக்கிறான்."

"அடி குடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அடிக்கலாம், எனக்கு உரிமை இருக்கு. பால் குடுத்தா புள்ளதான் எங்க மார்க்கத்துல. ஹாஜிராவுக்கு அவன் அண்ணன். நாளைக்குப் பெரியவனாகி வந்து பொண்ணு கேட்டா குடுக்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

"நாங்க வேதக்காரங்க. நாங்க எங்க வந்து கேக்கப் போறோம்?"

"சரி, பொண்ணு குடுக்காம இருக்க அது இன்னொரு காரணம்," என்றாள்.

நான் சிரித்தேன். மார்பு அவ்வளவாக வலிக்கவில்லை.

நெறி கரைந்தது. டாக்டர் இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பார்த்தார். கறுப்பு மட்டும் மங்கலாக மிச்சம் இருந்தது. "அடுத்த தடவை உங்க வீட்டுக்காரரை மண் சட்டில காய்ச்சச் சொல்லு," என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். புறப்படும்போது கன்னியம்மாவிடம் மல்லிகைப்பூ கேட்டேன். அவள் திகைத்து, தன் தலையிலிருந்ததையே பிய்த்துக் கொடுத்தாள். நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

அவர்களும் அதே வண்டிக்கு வந்தார்கள். ஆம்பூரில் இறங்கித்தான் பேரணாம்பட்டுக்கு வண்டி பிடிக்க வேண்டும். பெண்கள் பெட்டியில் ஏறி, கதவைச் சாத்தியதும் அவள் முக்காட்டை விலக்கினாள். பதினெட்டு வயது இருக்கலாம். குச்சி போல் ஒரு பெண். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அந்தக் குரல் இந்த உடம்பிலிருந்தா வந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"உங்கள எப்ப விட்டாங்க?" என்று கேட்டேன்.

"போன வாரமே விட்டுட்டாங்க அக்கா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தலை சுத்துது, வண்டி ஏற முடியாதுன்னு இவர்கிட்ட சொன்னேன். நான் போய்ட்டா இவன் இன்னா பண்ணுவான்?"

பிளேக் கொட்டகையில், விட்ட பிறகும், இரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறாள்.

தாசு அழுதான். நான் மடியில் போட்டு இடது பக்கம் கொடுத்தேன். அவ்வளவு பாடுபட்டுக் காத்த பால் கொஞ்சம்தான் இருந்தது. சப்பிப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவள் பக்கம் பார்த்து வீரிட்டான். ஜைனபு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இல்ல அக்கா, நீங்களே பாருங்க. பழகிடுவான்," என்றாள். அவள் மார்பில் துணி நனைந்துகொண்டிருந்தது. வாணியம்பாடி தாண்டும்வரை நான் முயற்சி செய்தேன். பிறகு நானே எழுந்து அவனை அவள் மடியில் வைத்தேன். அவன் குடிப்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். உண்மையாகவே ஜோராகத்தான் குடித்தான்.

வீட்டுக்கு வந்து கஞ்சியும் கீரையும் பூண்டும் தின்று எனக்குப் பால் ஊறி, அவன் என்னிடம் பழகியதெல்லாம் மெல்ல நடந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேறு குழந்தை இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டால், ஒரு தங்கை, பேரணாம்பட்டில் இருக்கிறாள் என்றுதான் தாசு சொல்கிறான். வாத்தியார் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். சரிதான் சார் என்றேன்.

இவ்வளவும் எழுதி நிறுத்தியிருந்தேன். இன்று காலையில் பேரணாம்பட்டிலிருந்து தோல் ஏற்றிய வண்டி வந்தது. வண்டிக்காரர் ஷாப்பில் சொன்னாராம். காதர் சாயபு வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், ஜைனபுக்கு மூச்சே வாங்குகிறது, கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை, சின்னப் பெண் ஹாஜிரா மட்டும் நடமாடுகிறாள். எங்கள் வீட்டுக்காரர் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஜட்காவுக்குச் சொல்லச் சொன்னேன். தாசு தானும் வருவேன் என்று அழுதான். அவனை அப்பாவோடு இரு என்று நிறுத்திவிட்டேன், அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

கஞ்சிக்கு நொய்யரிசியும் எலுமிச்சம்பழமும் கூஜாவில் காய்ச்சிய தண்ணீரும் எடுத்து வைத்தேன். வாயில் கட்டிக்கொள்ளத் துணி எடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் பட்டைத் தூளை மூட்டைக்குள் செருகப் பார்த்தார். அதை வெளியே எடுத்து வைத்தேன்.

ஜட்கா வந்து நின்றது. மரியா தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போவாம இருக்கிறதுதான் ஜாக்கிரதைன்னு நேத்துதான் சொன்னீங்க, அக்கா."

"சொன்னேன்."

"அப்போ யாருக்காகப் போறீங்க? யாருக்கு உடம்பு?"

வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னேன். "என் பையனோட அம்மாவுக்கு."